காரகல்லா குளியல் மண்டபம்: ரோமில் அரை நாள் மிஞ்சினால் போகலாமா?

வழிப்போக்கன் எழுதியது:

அடுத்த மாதம் அலுவலக வேலையாக மிலான் போகிறேன். வேலை முடிந்ததும் அண்ணனும் வந்து சேர்ந்துகொள்கிறார். இருவரும் ரயிலில் ரோம் போகிறோம். கொலோசியம், ஃபோரம், வத்திக்கான் மூன்றுக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கடைசி நாள் மதியம் வரை நேரம் மிஞ்சுகிறது. ரோமானியப் பேரரசர் காரகல்லா கட்டிய பொதுக் குளியல் மண்டபத்தைப் பார்க்காமல் விமானம் ஏறக்கூடாது என்று அண்ணன் பிடிவாதமாக இருக்கிறார். படங்களைப் பார்த்தேன். கூரையில்லாத செங்கல் சுவர்கள், நடுவில் புல், இரண்டு பைன் மரங்கள். சிலையும் இல்லை, ஓவியமும் இல்லை. அண்ணன் பேச்சைத் தட்டுவதா, தலையாட்டுவதா? போய் வந்தவர்கள் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லுங்கள்.

திருவரங்கத்தான் எழுதியது:

தம்பி, தட்டிவிடுங்கள். அங்கே பார்க்கத் தகுந்தது எல்லாம் எப்போதோ வண்டியேறிவிட்டது. 1540-களில் போப் மூன்றாம் பால் தம்முடைய ஃபார்னேசே குடும்ப மாளிகையை அலங்கரிக்க அங்கே தோண்டச் சொன்னார். கதாயுதத்தின் மேல் சாய்ந்து களைத்து நிற்கும் ஹெர்குலிஸ், முரட்டுக் காளையோடு ஒரு பெண்ணைப் பிணைக்கும் பெருஞ்சிற்பத் தொகுதி, இரண்டும் அப்போது வெளியே வந்தவை. இன்று நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. விளையாட்டு வீரர்களின் முகங்கள் கொண்ட மொசைக் தரை 1824-இல் கிடைத்தது. அது வத்திக்கானுக்குப் போயிற்று. இரண்டு பிரம்மாண்டமான கருங்கல் தொட்டிகள் ஃபார்னேசே சதுக்கத்தில் நீரூற்றாகிவிட்டன. தூண் தலைப்புகள் திரஸ்தேவெரே பகுதியின் சாந்தா மரியா தேவாலயத்துக்கு.

ஆக மிச்சம் என்ன? சுவர். உயரமான சுவர்தான், ஒப்புக்கொள்கிறேன். சுவர் பார்க்க டிக்கெட் எடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

செங்கல்_சித்தன் எழுதியது:

ஐயா தந்த பட்டியலில் ஒன்றுகூடத் தவறில்லை. முடிவுதான் தலைகீழ். எல்லாவற்றையும் உரித்துக்கொண்டு போனதால்தான் அந்த இடத்துக்குப் போகவேண்டும் என்பேன். பிழைப்புக்குக் கட்டடம் கட்டுகிறவன் நான். கூரையோடு முழுசாக நிற்கும் ரோமானியக் கோயிலான பாந்தியானுக்குள் நுழைந்தால் அண்ணாந்து பார்த்து வாய் பிளக்கலாம். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. இங்கே அந்த மறைப்பு இல்லை.

இடிந்த சுவர் முனை ஒன்றின் பக்கத்தில் போய் நில்லுங்கள். வெளியே தெரியும் செங்கல் வெறும் தோல். உள்ளே சுண்ணாம்பு, எரிமலைச் சாம்பல், கல்துண்டு கலந்த காங்கிரீட். செங்கல்லை முக்கோணமாக வெட்டி, அகன்ற பக்கம் வெளியேயும் கூர்முனை உள்ளேயும் இருக்கும்படி அடுக்கியிருக்கிறார்கள். காங்கிரீட்டை அது கவ்விக்கொள்ளும். குறிப்பிட்ட உயரத்துக்கு ஒருமுறை சுவரின் முழு அகலத்துக்கும் பெரிய செங்கற்களைப் பரப்பி, அடுத்த நிலையைத் தொடங்கியிருக்கிறார்கள். வரிசையாகச் சதுர ஓட்டைகள் தெரியும்: சாரக் கட்டைகள் செருகிய இடம். நடுநடுவே ஒழுங்கில்லாத சின்னக் குழிகள் இருக்கும்: பளிங்குப் பலகைகளைப் பிடித்திருந்த உலோகக் கொக்கிகளைப் பின்னால் வந்தவர்கள் பிடுங்கிய தழும்பு. ஒரே சுவரில் கட்டியவனின் கைரேகையும் இருக்கிறது, திருடியவனின் கைரேகையும் இருக்கிறது. எந்த அருங்காட்சியகத்தில் இது கிடைக்கும்?

அளவையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுமதிலோடு சேர்த்து வளாகம் ஏறத்தாழ 11 ஹெக்டேர். நடுவில் இருக்கும் குளியல் கட்டடம் மட்டும் 200 மீட்டருக்கு மேல் நீளம், 100 மீட்டருக்கு மேல் அகலம். சில சுவர்கள் இன்றும் 30 மீட்டருக்கு மேல் நிற்கின்றன. வட்டமான வெந்நீர் மண்டபம், அவர்கள் கல்டேரியம் என்றது, சுமார் 35 மீட்டர் விட்டம். அதன் மேல் ஒரு குவிமாடம் இருந்தது. பாந்தியானின் குவிமாடம் 43 மீட்டர் என்பதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த மண்டபத்தை மட்டும் கட்டடத்தின் வரிசையிலிருந்து தென்மேற்கே வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். பிற்பகல் வெயில் பெரிய ஜன்னல்கள் வழியாக நேரே உள்ளே விழும். விறகோடு சூரியனையும் வேலைக்கு வைத்துக்கொண்ட ஏற்பாடு.

நியூயார்க்கின் பழைய பென்சில்வேனியா ரயில் நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தை 1910-இல் இதைப் பார்த்துத்தான் கட்டினார்கள். மூலம் இன்னும் நிற்கிறது. நகலை 1963-இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

திருவரங்கத்தான் எழுதியது:

> எந்த அருங்காட்சியகத்தில் இது கிடைக்கும்?

பொறியாளருக்கு ஓட்டையைப் பார்த்தால் உற்சாகம். சாதாரண மனிதனுக்கு? அவன் அங்கே நின்றுகொண்டு, இது என்ன அறை, அது என்ன அறை என்று கையில் உள்ள வரைபடத்தோடு மல்லுக்கட்டவேண்டும். வெயில் வேறு.

மாடவிளக்கு எழுதியது:

பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். குழந்தைகள் கேட்கும் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். யார் குளித்தார்கள்? பெரும்பாலும் எல்லாரும். செனட்டரும் வந்தார், கசாப்புக்கடைக்காரரும் வந்தார். 5-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று இங்கே 1,600 இருக்கைகள் இருந்ததாகச் சொல்கிறது.

வரைபடம் குழப்பம் என்கிறார் ஐயா. ஒரு விஷயம் தெரிந்தால் குழப்பம் தீர்ந்துவிடும்: கட்டடம் நடுக்கோட்டின் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். நீச்சல்குளம், குளிர்நீர் மண்டபம், வெதுவெதுப்பான சின்ன அறை, வெந்நீர் மண்டபம் நான்கும் நடுக்கோட்டில் வரிசையாக நிற்கின்றன. உடை மாற்றும் அறை, உடற்பயிற்சி முற்றம் முதலியவை இருபுறமும் இரட்டையாக வரும். ஒரு பாதியைப் புரிந்துகொண்டால் மறுபாதி இலவசம்.

குளிக்க வருபவர் உடையைக் களைந்து வைப்பார். உடன் வந்த அடிமை காவல் இருப்பார். இல்லாவிட்டால் துணி காணாமல் போகும். எண்ணெய் பூசிக்கொண்டு முற்றத்தில் ஓட்டம், மல்யுத்தம், பந்து. பிறகு எண்ணெயையும் வியர்வையையும் தூசியையும் வளைந்த உலோகச் சுரண்டியால் வழித்தெடுப்பார்கள். சீயக்காய் போட்டு எண்ணெய் இறக்கிப் பழகிய நமக்கு இந்தச் சுரண்டல் சற்று மூர்க்கமாகத் தோன்றலாம். அப்புறம்தான் வெந்நீர், குளிர்நீர், கடைசியாகத் திறந்தவெளி நீச்சல்குளம். அதன் நீளம் ஏறத்தாழ 50 மீட்டர்.

முதுகைத் தேய்த்துவிட ஆள் இல்லாதவர் என்ன செய்வார்? இந்த மண்டபம் எழுவதற்கு முந்தைய பேரரசர் ஹேட்ரியனைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. தமக்குத் தெரிந்த முதிய படைவீரர் ஒருவர் குளியலறைச் சுவரில் முதுகை உரசிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாராம். தேய்த்துவிட அடிமை வைத்துக்கொள்ள வசதியில்லை என்று அறிந்து, அடிமைகளையும் அவர்களைப் பராமரிக்கப் பணத்தையும் கொடுத்தார். அடுத்த முறை வந்தபோது கிழவர்கள் கூட்டமாகச் சுவரில் உரசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கதை நடந்ததோ இல்லையோ, பொதுக் குளியலறையில் அரசன் எந்த அளவுக்குக் கண்ணில் படவேண்டும் என்று ரோமானியர் எதிர்பார்த்தார்கள் என்பது அதில் இருக்கிறது.

காரகல்லாவுக்கு அப்படிக் கண்ணில் படவேண்டிய அவசரம் அதிகம். 211 டிசம்பரில் கூட்டாக ஆட்சி செய்த சொந்தத் தம்பி கெட்டாவைத் தாயின் கைகளிலேயே வெட்டிக் கொல்லச் செய்தவர் அவர். தந்தை செப்டிமியஸ் செவரஸின் வெற்றி வளைவில் கெட்டாவின் பெயரைச் செதுக்கி அழித்திருப்பதை ஃபோரத்துக்குப் போகும்போது பாருங்கள். குளியல் மண்டபத்தின் வேலை ஏறக்குறைய அதே சமயத்தில் தொடங்கி, 216-இல் திறப்பு. மறு ஆண்டே காரகல்லாவும் வெட்டுப்பட்டுச் செத்தார். சுற்றுமதில் வேலைகளை அவருக்குப் பின் வந்தவர்கள் முடித்தார்கள். 212-இல் பேரரசின் சுதந்திரக் குடிகள் ஏறக்குறைய அனைவருக்கும் குடியுரிமை கொடுத்ததும் இதே ஆள்தான். குளியல் மண்டபத்தை நான் குற்றவாளியின் தேர்தல் அறிக்கையாகத்தான் படிக்கிறேன், தேர்தல் என்ற ஒன்று அங்கே இல்லாவிட்டாலும்.

திருவரங்கத்தான் எழுதியது:

அம்மா, கதை சுவையாக இருக்கிறது. ஆனால் சுத்தம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். பேரரசர் மார்க்கஸ் அரேலியஸே குளியல் என்றதும் நினைவுக்கு வருவது எண்ணெய், வியர்வை, அழுக்கு, பிசுக்குத் தண்ணீர், எல்லாமே அருவருப்பு என்று எழுதி வைத்திருக்கிறார். ஆறாத புண்ணோடு குளியலுக்குப் போனால் அழுகிவிடும் என்று ரோமானிய மருத்துவ நூலாசிரியர் செல்சஸ் எச்சரித்திருக்கிறார். இப்படிப்பட்ட தொட்டியைப் பார்க்கவா கடல் கடந்து போவது?

மாடவிளக்கு எழுதியது:

தொட்டியில் இறங்கச் சொல்லவில்லையே ஐயா, பார்க்கத்தான் சொல்கிறோம்.

பனையோலை எழுதியது:

யாழ்ப்பாணத்தில் பிறந்து, பல வருடமாக இத்தாலியில் வாழ்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவது என் தலையில்தான் விழும். இதுவரை எல்லாரும் மேலே இருப்பதையே பேசுகிறீர்கள். அந்த இடத்தின் பாதி தரைக்குக் கீழே இருக்கிறது.

கீழே வண்டி ஓட்டும் அகலத்துக்குச் சுரங்கப் பாதைகள். விறகு வண்டிகள் அவற்றுக்குள் போய் வந்தன. ஏறத்தாழ 50 அடுப்புகள் இருந்தன என்றும், நாளுக்குப் பத்து டன் அளவில் விறகு எரிந்தது என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். அடுப்பின் அனல், குட்டையான செங்கல் தூண்களின் மேல் தூக்கி நிறுத்திய தரைக்கு அடியில் பரவும். பிறகு சுவருக்குள் பதித்த குழாய் ஓடுகள் வழியாக மேலே ஏறும். வெந்நீர் மண்டபத்தில் தரையும் சுவரும் சேர்ந்தே சுடும். மேலே இருந்தவர்களுக்கு அடுப்பும் தெரியாது, விறகும் தெரியாது, அதைத் தள்ளிய அடிமைகளும் தெரியமாட்டார்கள். கட்டடத்தை அப்படித்தான் வகுத்திருக்கிறார்கள். இதை எழுத்தில் படிப்பது வேறு, மேலே 35 பாகை வெயிலில் நின்றுவிட்டுக் கீழே இறங்கி அந்த ஈரக் காற்றை மூச்சில் இழுப்பது வேறு.

தண்ணீருக்காக மார்சியா நீர்வழியிலிருந்து தனிக் கிளை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதைச் சுமந்து அப்பியா சாலையைத் தாண்டிய வளைவு சான் செபஸ்தியானோ வாசலுக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. துரூசுஸ் வளைவு என்று தவறான பெயரில் அழைக்கிறார்கள். 537-இல் கோத்து மன்னர் விட்டிகெஸின் படை ரோமை முற்றுகையிட்டு நீர்வழிகளை வெட்டியது. அதோடு குளியல் முடிந்தது. கட்டடம் இடிந்து சாகவில்லை, தாகத்தில் செத்தது.

கீழேயே மித்ரா தெய்வத்தின் வழிபாட்டுக் கூடம் ஒன்று உண்டு. ரோமில் கிடைத்தவற்றில் மிகப் பெரியது, 1912-இல் கண்டுபிடித்தார்கள். இது எல்லா நாளும் திறந்திருக்காது. நிலவறையிலும் ஒரு பகுதிக்குத்தான் விடுவார்கள். முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.

கடலோடி எழுதியது:

யாரும் ஓபரா பற்றிப் பேசவில்லையே! 1937 முதல் கோடைக்காலத்தில் அங்கே ஓபரா நடக்கிறது. 1990 ஜூலை 7, கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள், பவரோட்டி, டொமிங்கோ, கரேராஸ் மூவரும் சேர்ந்து பாடியது இங்கேதான். இசைக்குழுவை நடத்தியவர் மும்பையில் பிறந்த சுபின் மேத்தா. 1960 ஒலிம்பிக்கின் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளும் இந்தச் சுவர்களுக்கு நடுவில்தான் நடந்தன. மல்யுத்தத்தை மக்சென்டியஸ் பசிலிக்காவில் வைத்தார்கள். பகலில் போய் வெயிலில் காய்வதைவிட ஒரு மாலை ஓபராவுக்கு டிக்கெட் எடுங்கள். விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சுவர்களைப் பார்த்தால் திருவரங்கத்து ஐயாவே மனம் மாறுவார்.

செங்கல்_சித்தன் எழுதியது:

ஓபரா கேட்பதற்கு நான் எதிரியல்ல. ஆனால் பல ஆண்டுகள் அந்த மேடையை எங்கே போட்டிருந்தார்கள் தெரியுமா? வெந்நீர் மண்டபத்தின் மேலேயே. மிஞ்சி நிற்கும் இரண்டு தூண்சுவர்களுக்கு நடுவில் மேடை, அதன் முன் ஆயிரக்கணக்கான இருக்கைகள், ஐடா ஓபராவுக்கு உயிருள்ள விலங்குகள். கட்டடத்துக்குக் கேடு என்று 1990-களில் நிறுத்தி, 2001-இல் மேடையைக் கட்டடத்தைவிட்டு வெளியே தள்ளிவைத்துத்தான் மறுபடி தொடங்கினார்கள். மூன்று பாடகர்களும் பாடிய இரவில் கைதட்டியவர்களில் யாராவது தரையைக் குனிந்து பார்த்திருப்பார்களா?

கடலோடி எழுதியது:

குளிக்கவும் விளையாடவும் கூட்டமாகக் கூடவும் கட்டிய இடம் நண்பரே. கூட்டம் வராமல் கயிறு கட்டி வைத்தால் அது பிணவறை. மேடையைத் தள்ளி வைத்தது சரி. அதற்காக நிறுத்தியிருக்கவேண்டும் என்பது சரியல்ல.

மாடவிளக்கு எழுதியது:

இதில் நான் கடலோடி பக்கம். ரோமானியத் தத்துவஞானி செனெக்கா ஒரு குளியலறைக்கு மேலே குடியிருந்த அனுபவத்தை எழுதியிருக்கிறார். எடை தூக்குபவரின் முக்கல், பிடித்துவிடுபவரின் கை விழும் சத்தம், தண்ணீரில் தொபுக்கென்று குதிப்பவர், குளித்தபடியே பாடுபவர், அக்குள் மயிர் பிடுங்குபவர், அவர் கையில் சிக்கியவரின் அலறல், பலகாரம் விற்பவரின் கூவல். இது காரகல்லா காலத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியது என்றாலும், கூச்சல் குறைந்திருக்கும் என்று நினைக்க முகாந்திரம் இல்லை. அமைதியான காரகல்லாதான் பொய்யான காரகல்லா. 2024-இல் கட்டடத்துக்கு எதிரே ஆழமில்லாத ஒரு நீர்ப்பரப்பை அமைத்தபோது பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. தண்ணீருக்காகவே கட்டிய இடத்தில் தண்ணீரே இல்லாமல் இருந்ததுதான் விநோதம்.

செங்கல்_சித்தன் எழுதியது:

நீர்ப்பரப்பு எனக்கும் சம்மதம். பாடல் குறித்து நாம் உடன்படப்போவதில்லை.

முசிறி_வணிகன் எழுதியது:

ரோம் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடலோடி குறிப்பிட்ட மக்சென்டியஸ் பசிலிக்காவின் அடியில் இருப்பது பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு. சேர நாட்டு மிளகு கப்பலேறி அங்கே போய் இறங்கியது. முசிறித் துறைமுகம் பற்றிச் சங்கப் பாடல்கள்...

மட்டுறுத்துநர் எழுதியது:

முசிறி வணிகரின் பதிவின் எஞ்சிய பகுதி (நீளமானது, நன்றாகவும் இருந்தது) ‘யவனர் வணிகம்’ இழைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. இங்கே குளியலோடு நிற்கவும்.

வழிப்போக்கன் எழுதியது:

இவ்வளவு பதில்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அண்ணனுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். வெற்றிப் புன்னகையோடு இருக்கிறார். போவது முடிவாகிவிட்டது. இனி நடைமுறைக் கேள்விகள். எங்கள் கடைசி நாள் திங்கட்கிழமை. சரிப்படுமா? அண்ணனுக்கு முழங்கால் வலி உண்டு, நடக்க முடியுமா? கண்ணில் படாமல் போய்விடக்கூடிய ஏதாவது சின்ன விஷயம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பனையோலை எழுதியது:

திங்கட்கிழமை வேண்டாம் தம்பி, வழக்கமாக அன்று மூடியிருப்பார்கள். ஃபோரத்தை அன்றைக்கு மாற்ற முடிந்தால் மாற்றிக்கொண்டு, இங்கே ஞாயிறு காலை போங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் அரசுத் தொல்லிடங்களில் அனுமதி இலவசம். ஆனால் கூட்டமும் இருக்கும்.

மெட்ரோ பி தடத்தில் சிர்க்கோ மாஸிமோ நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். உள்ளே பெரும்பாலும் சமதரை. கொலோசியத்தின் படிகளையும் ஃபோரத்தின் கரடுமுரடான கற்களையும் சமாளிக்கும் முழங்கால் இங்கே சிரமப்படாது. நிழல் மட்டும் குறைவு. தெருவோரத்தில் வளைந்த மூக்குக் குழாயோடு நிற்கும் இரும்புக் குடிநீர்க் குழாய்கள் ரோம் முழுவதும் உண்டு. போத்தலை நிரப்பிக்கொண்டு போங்கள், கடையில் வாங்காதீர்கள்.

சின்ன விஷயம் கேட்டீர்கள். நீச்சல்குளத்துப் பக்கம் பளிங்குக் கல் ஒன்றின் மேல்முகத்தில் வட்டக் குழிகள் குடைந்திருக்கும். கொட்டையையோ கோலியையோ எறிந்து குழியில் விழவைக்கும் விளையாட்டுக்கானது. குளத்திலிருந்து ஏறிய யாரோ ஈரக் காலோடு அங்கே உட்கார்ந்து பந்தயம் வைத்து ஆடியிருக்கிறார்கள். காளைச் சிற்பத்தைத் தூக்கிப்போனவர்களுக்கு இது கண்ணில் படவில்லை. அப்புறம், சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் கனமான மொசைக் துண்டுகள்: கறுப்பு வெள்ளையில் கடற்பிராணிகள். தரையில் இருந்தவை என்று நினைத்துவிடாதீர்கள், மேல்மாடத் தளத்திலிருந்து விழுந்தவை. துண்டின் பக்கவாட்டைப் பார்த்தால் கல்லுக்கு அடியில் எத்தனை அடுக்குச் சாந்து போட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

செங்கல்_சித்தன் எழுதியது:

அக்கா சொன்ன பக்கவாட்டைத் தவறவிடாதீர்கள்.

கூரை இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அண்ணன் கேட்பார். தெர்மினி ரயில் நிலையத்துக்கு எதிரே பேரரசர் டயோக்ளீஷியன் கட்டிய குளியல் மண்டபம் இருக்கிறது; இதைவிடப் பெரியது, 306 வாக்கில் முடிந்தது. அதன் குளிர்நீர் மண்டபத்தை 1560-களில் மைக்கலாஞ்சலோ தேவாலயமாக மாற்றினார், சாந்தா மரியா தெலி ஆஞ்சலி. செங்கருங்கல் தூண்களில் எட்டு பழையவை, மேலே குறுக்கு வளைவுக் கூரை அப்படியே இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. அங்கே பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு காரகல்லாவுக்குப் போனால், சுவர் உச்சியில் வளைவு தொடங்கி அந்தரத்தில் முறிந்திருக்கும் இடங்களிலிருந்து மீதியை மனத்திலேயே கட்டிவிடலாம்.

மாடவிளக்கு எழுதியது:

திரஸ்தேவெரேயில் சாப்பிடப் போனால் சாந்தா மரியா தேவாலயத்துக்குள்ளும் எட்டிப் பாருங்கள். காரகல்லாவிலிருந்து போன தூண் தலைப்புகளில் ஐசிஸ், செராபிஸ் முதலிய எகிப்தியத் தெய்வங்களின் சின்ன முகங்கள் இருந்தன. எழுநூறு ஆண்டுக்கு மேல் அவற்றின் கீழே பூசை நடந்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. அவை யார் என்று தெரிந்தபின், 1870 வாக்கில் போப் ஒன்பதாம் பயஸ் காலத்தில் முகங்களை உளியால் செதுக்கி எடுத்துவிட்டார்கள்.

பனையோலை எழுதியது:

மிலானிலிருந்து ரயிலில்தானே வருகிறீர்கள்? வழியில் புளோரன்ஸ். இறங்க மனமிருந்தால் சாந்தா திரினிதா சதுக்கத்தில் நீதி தேவதையின் சிலையைச் சுமந்து நிற்கும் ஒற்றைக் கருங்கல் தூணைப் பாருங்கள். காரகல்லாவில் நின்ற தூண் அது. 1560-களில் போப் நான்காம் பயஸ், புளோரன்ஸை ஆண்ட கோசிமோ தெ மெதிச்சிக்குப் பரிசாகக் கொடுத்தார். முழுசாக நிற்கும் அந்த ஒரு தூணின் உயரத்தைப் பார்த்துவிட்டு வந்தால் மண்டபத்தின் அளவு பிடிபடும்.

திருவரங்கத்தான் எழுதியது:

சுவர் பார்க்க ரோம், அந்தச் சுவரைப் புரிந்துகொள்ளத் தெர்மினிக்கு எதிரே ஒரு தேவாலயம், அதற்கு முன்னால் தூண் பார்க்கப் புளோரன்ஸில் இறங்கு என்கிறார்கள். அரை நாள் என்று கேட்ட தம்பியை ஒரு வாரத்துக்குக் கட்டிப்போட்டுவிட்டீர்கள். இவ்வளவும் அலைவதென்றால் நேப்பிள்ஸையும் சேர்த்துவிடுங்கள், ரோமிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். ஹெர்குலிஸின் பின்பக்கம் போய் அவர் முதுகுக்குப் பின்னால் மறைத்திருக்கும் கையைப் பார்க்கச் சொல்லுங்கள் அண்ணனை. ஆப்பிள்கள் இருக்கும்.